பொய் சொல்லும் பாத்திரங்கள்

பொய் சொல்லாதே என்பது வீட்டிலும் பள்ளியிலும் நாம் ஓயாமல் கேட்டு வளர்ந்த அறிவுரை. வள்ளுவர் வாய்மைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும் அதே 30ஆம் அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணலாம் என்று அவரே ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறார். அறநூலே இவ்வளவு இடங்கொடுக்குமானால் புனைகதை எவ்வளவு இடங்கொடுக்கும்! புனைகதையே ஒரு வகையில் பொய்தான். அந்தப் பெரிய பொய்க்குள் வாழும் பாத்திரங்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் சிறிய பொய்களைப் பற்றியே இக்கட்டுரை.

இம்மலருக்கென வந்த சிறுகதைகளை முதலில் படித்துப் பார்க்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. ஏறத்தாழ எல்லாக் கதைகளிலும் யாரேனும் ஒருவர் எதையேனும் மறைக்கிறார். தீராத நோயை மறைத்துக்கொண்டு காதலியை வெறுப்பதுபோல் நடிக்கிறான் ஒருவன். தங்கையின் திருமணத்திற்காகத் தன் வேலை போனதை மறைக்கிறான் இன்னொருவன். கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதம் கிடைக்கிறது; உண்மை வெளிப்படுகிறது; எல்லாரும் அழுகிறார்கள். கதை எழுதிய நண்பர்கள் வருந்த வேண்டாம். மறைப்பதில்தான் கதை இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதைகளில் பொய் ஒரு பூட்டாகவும் கடிதம் ஒரு சாவியாகவும் மட்டுமே இருக்கின்றன. பூட்டுக்கும் சாவிக்கும் இடையே மனிதர்கள் இல்லை. பொய் சொல்லும்போது அவன் கை என்ன செய்தது, கேட்டவள் எதை நம்ப விரும்பினாள், சொன்ன பொய் மறுநாள் எந்தப் புதிய பொய்யைக் கேட்டது என்பவை எழுதப்படவேயில்லை.

இவற்றையெல்லாம் எங்கே கற்பது? மேல்நாட்டு நூல்களைத் தேடிப் போகுமுன் நம் பாடத்திட்டத்திலேயே உள்ள ஒரு பாட்டைப் பார்ப்போம். கலித்தொகையின் 51ஆம் பாட்டு, குறிஞ்சிக்கலியில் உள்ளது, கபிலர் பாடியது. தேர்வுக்காகப் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட பாட்டு. அதைச் சிறுகதையாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தலைவி தன் தோழியிடம் நடந்ததைச் சொல்கிறாள். சிறு வயதில் நம் மணல் வீட்டைக் காலால் சிதைத்து, பூமாலையைப் பிய்த்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவானே ஒரு குறும்பன், அவன் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டான். அன்னையும் நானும் மட்டுமே வீட்டில் இருந்தோம். பொன் கலத்தில் நீர் வார்த்துக் கொடு என்றாள் அன்னை. வந்திருப்பவன் இன்னான் என்று அறியாமல் நானும் போனேன். அவன் என் வளையணிந்த முன்கையைப் பற்றிக்கொண்டான். திடுக்கிட்டு, அம்மா, இவன் செய்ததைப் பார் என்று கத்திவிட்டேன். அன்னை அலறிக்கொண்டு ஓடி வந்தாள். நான், இவனுக்குத் தண்ணீர் விக்கிக்கொண்டது என்றேன். அன்னை அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவனோ கடைக்கண்ணால் என்னைக் கொல்பவன்போல் பார்த்து, ஒரு சிரிப்புச் சிரித்தான்.

கதை இவ்வளவுதான். அந்த ஒரு பொய்யை இப்போது சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலாவது, அவள் ஏன் விக்கல் என்று சொன்னாள்? வேறு எதைச் சொல்லியிருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். பாம்பு என்றிருந்தால் அன்னை தடியைத் தேடியிருப்பாள். அண்டை வீட்டார் கூடியிருப்பார்கள். ஒன்றுமில்லை என்றிருந்தால், ஒன்றுமில்லாததற்கா இந்தக் கத்தல் என்ற கேள்வி எழுந்திருக்கும். விக்கல் என்றதும் எல்லாம் பொருந்திவிடுகின்றன. அவன் வந்தது தண்ணீருக்கு. கலம் அவன் அருகில் இருக்கிறது. நீர் விக்கினால் ஒரு பெண் பதறிக் கூவுவது இயல்பு. முக்கால் பங்கு உண்மையின் மேல் கால் பங்கு பொய்யை அவள் வைத்தாள். அதனால்தான் அது நின்றது.

இரண்டாவது, அந்தப் பொய் நிகழ்ச்சியை முன்னே தள்ளுகிறது. அன்னை நம்பினாள் என்று கபிலர் சொல்லவில்லை. முதுகைத் தடவினாள் என்கிறார். நம்பிக்கையைச் செயலாகக் காட்டிவிட்டார். அந்தச் செயலில் ஒரு நகைச்சுவையும் இருக்கிறது. மகளின் கையைப் பிடித்த பிள்ளைக்குத் தாயே முதுகு தடவிக் கொடுக்கிறாள்!

மூன்றாவதுதான் முக்கியம். கத்தியபோது அவள் குற்றம் சாட்டுபவள். விக்கல் என்று சொன்ன அடுத்த நொடியில் அவள் அவனுக்கு உடந்தை. இந்த மாற்றம் நிகழ்ந்ததை அவளே அதற்கு முன் அறிந்திருக்க மாட்டாள். தான் அவனை விரும்புவது, அவனைக் காப்பாற்றப் பொய் சொன்னபோதுதான் அவளுக்கே தெரிகிறது. காதலித்தாள் என்ற சொல்லே பாட்டில் தேவைப்படவில்லை. பிறகு தோழியிடம் சொல்லும்போது அவனைக் கள்வனின் மகன் என்று செல்லமாகத் திட்டுகிறாள். பொய் சொன்னது இவள்; கள்வன் பட்டம் அவனுக்கு!

ஒரு பாத்திரம் பொய் சொல்லும்போது, தான் எதை இழக்க அஞ்சுகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எழுதுபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி இதுவே. இந்தப் பொய் எதைக் காப்பாற்றுகிறது? விடை கிடைக்காவிட்டால் பொய்யை எடுத்துவிடலாம், கதைக்கு நட்டமில்லை.

அக இலக்கியத்தில் பொய்யின் நுட்பத்தை இலக்கணமே வகுத்துத் தந்திருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தலைவியின் களவைத் தோழி செவிலிக்கு உணர்த்துவதை அறத்தொடு நிற்றல் என்கிறோம். தொல்காப்பியர் பொருளியலில் இதற்கு 7 வகை கூறுகிறார். தலைவனை எளியவனாகக் காட்டுதல், அவனைப் புகழ்தல், அவன் வேட்கையை எடுத்துரைத்தல், தலைவியின் நோய்க்குக் காரணம் என்னவென்று பிறரைக் கேட்பதுபோல் பேச்செடுத்தல், ஏதேனும் ஒரு காரணத்தை இட்டுக் கூறுதல், இருவரும் தற்செயலாக எதிர்ப்பட்டனர் எனல் என்று 6 வகைகள் வரிசையாக வருகின்றன. உண்மையை நேராகச் சொல்லிவிடுதல் என்பது 7ஆவதாக, கடைசியில்தான் வருகிறது. தோழிக்கு உண்மை கடைசிக் கருவி! மறைத்தும் திரித்தும் சுற்றி வளைத்தும் அவள் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமோ அறம். அதனால்தான் அதற்கு அந்தப் பெயர்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் இதைத்தான் செய்கிறது. தினைப்புனத்தில் நாய்கள் சூழ்ந்து அஞ்சியதையும், மதயானை வந்ததையும், அவன் அம்பெய்து காத்ததையும் தோழி விரித்துச் சொல்கிறாள். சொன்னவற்றில் எதுவும் பொய்யென்று நாம் கூற இயலாது. ஆனால் எதை முன்னே வைத்தாள், எதை விரித்தாள், எவ்விடத்தில் தாயின் நெஞ்சு இளகும் என்று கணக்கிட்டாள் என்பதைப் பாருங்கள். உயிரைக் காத்தவன் என்ற எண்ணத்தைத் தாயின் மனத்தில் ஊன்றிய பிறகே மற்றதைச் சொல்கிறாள். உண்மையின் வரிசையை மாற்றுவதும் ஒருவகை ஏமாற்றுத்தான். கதை எழுதுபவர்கள் இதனைத் தோழியிடம் கற்கலாம்.

இனி, தீமை செய்யும் பொய்க்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவனை வில்லன் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். கொலைக்களக் காதையை மீண்டும் படித்தால் அவன் எவ்வளவு தேர்ந்த பொய்யன் என்பது விளங்கும்.

அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. அது வெளிப்படுமுன் யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்ற அச்சம் அவனுக்கு உண்டு. அந்த வேளையில் வெளியூரான் ஒருவன் ஒற்றைச் சிலம்போடு வந்து நிற்கிறான். திருடியவன் இவன்தான் என்பதை இளங்கோ நம்மிடம் மறைக்கவில்லை. கோவலனுக்குத் தெரியாது, மன்னனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். வியப்பைக் கடைசிக்கு வைக்காமல் முன்னரே கொடுத்துவிட்டதால், பின்வரும் ஒவ்வோர் அடியும் நம்மை நடுங்க வைக்கிறது. சற்று இங்கே இருங்கள் என்று கோவலனை அவன் பணிவோடு அமர்த்திவிட்டுப் போகும்போது, போகாதே, இராதே என்று கத்தத் தோன்றுகிறது நமக்கு.

அவன் மன்னனைச் சந்திக்கும் வேளையைக் கவனியுங்கள். ஆடல் மகளிரின் கூத்தில் மன்னன் உள்ளம் ஈடுபட்டதைக் கண்டு ஊடிய அரசி, தலைவலி என்று ஒரு காரணம் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். அவளைத் தேற்றுவதற்காக மன்னன் விரைந்து போகிறான். அந்த வாயிலில்தான் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அரசியின் சிலம்பு கிடைத்துவிட்டது என்ற செய்தி அந்த நொடியில் மன்னனுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! ஆராய வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. இல்லாத தலைவலி ஒன்றின் நிழலில்தான் அந்தப் பெரிய பொய் நுழைந்தது. இதைவிட நுட்பமாக ஒரு பொய்க்கு இடம் அமைத்துக் கொடுக்க முடியுமா?

அவன் சொன்ன சொற்களும் நுட்பமானவை. கன்னக்கோல் முதலிய கருவி எதுவும் இல்லாமல், மந்திரத்தால் காவலரை உறங்கவைத்துத் திருடிய கள்வன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். ஏன் அப்படி? கோவலனிடம் கருவி எதுவும் இராது என்பது அவனுக்குத் தெரியும். நாளை எழக்கூடிய ஐயத்திற்கு இன்றே விடை வைத்துவிட்டான். காவலருள் ஒருவர், இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று தயங்கும்போது, கள்வருக்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டையும் எடுத்து விரித்து அவர்களைக் கலக்கிவிடுகிறான். கள்வரின் கலையை அவன் இவ்வளவு விரிவாக அறிந்திருப்பது எப்படி என்று அங்கிருந்த எவரும் கேட்கவில்லை. நாம் மட்டும் கேட்கிறோம்.

பொய் உடைபடுவது எதனால்? புதிய சாட்சி யாரும் வரவில்லை.  சிலம்புக்குள்ளேயே விடை இருந்தது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அரசியின் சிலம்பில் முத்து. யாராவது ஒருவர் குலுக்கிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டிருந்தால் போதும். கடைசிப் பக்கத்துக் கடிதத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கடிதம் கதைக்கு வெளியிலிருந்து வருகிறது. பரல்களோ தொடக்கம் முதலே எல்லார் கண் முன்பும், கைக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தன.

ஆங்கில இலக்கியம் படிக்கும் நண்பர்களுக்கு இந்நேரம் இயாகோ நினைவுக்கு வந்திருப்பான். 1604இல் மேடையேறியதாகப் பதிவுள்ள ஒதெல்லோ நாடகத்திலும் நமக்கு எல்லாம் முன்பே தெரியும். இயாகோவே தனிமொழியில் நம்மிடம் சொல்லிவிடுகிறான். ஆனால் பொற்கொல்லனிலிருந்து ஓரிடத்தில் அவன் வேறுபடுகிறான். அவன் முதலில் எதையும் அடித்துச் சொல்வதில்லை. காசியோ தெஸ்டிமோனாவிடமிருந்து விலகிப் போவதைக் கண்டு, தனக்கு அது பிடிக்காததுபோல் முணுமுணுக்கிறான். என்ன என்று ஒதெல்லோ கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். மேலும் கேட்டால் தயங்குகிறான். சொல்லாமல் விட்ட வெற்றிடத்தை ஒதெல்லோவே தன் அச்சங்களால் நிரப்பிக்கொள்கிறான். பொய்யின் பெரும்பகுதியை ஏமாறுபவனையே இட்டுக்கட்ட வைக்கும் இந்த உத்தி, உரையாடல் எழுதுபவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஒன்று.

இயாகோவை எல்லாரும் பேசுகிறார்கள். தெஸ்டிமோனாவும் பொய் சொல்கிறாள் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கணவன் தந்த கைக்குட்டை எங்கே என்று அவன் சினத்தோடு கேட்கும்போது, தொலையவில்லை என்கிறாள். அச்சத்தால் வந்த சிறு பொய். பாண்டிமாதேவியின் தலைவலியைப் போன்றது. அந்த ஒரு பொய் ஒதெல்லோவின் ஐயத்தை உறுதியாக்கிவிடுகிறது. நல்லவள் சொன்ன ஒரு பொய், தீயவன் சொன்ன பல பொய்களுக்குச் சான்றாகிவிட்ட கொடுமையை என்னென்பது! இறக்கும் தறுவாயில் மீண்டும் ஒரு பொய் சொல்கிறாள். தன்னைக் கொன்றவர் யாருமில்லை, தானேதான் என்கிறாள். இந்த இரண்டு பொய்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் தெரிகிறது. முன்னது தன்னைக் காக்கச் சொன்னது; பின்னது அவனைக் காக்கச் சொன்னது.

வாசகருக்கு முன்பே சொல்லிவிடும் முறையைப் பார்த்தோம். வாசகரிடமும் மறைக்கும் முறை ஒன்று உண்டு. நம் கதைகளில் மிகுதியாக வருவதும், மிகுதியாகக் கெட்டுப்போவதும் இதுவே. கல்கியின் பார்த்திபன் கனவு 1940களின் தொடக்கத்தில் தொடராக வந்தபோது, அந்தச் சிவனடியார் யார் என்று வாரந்தோறும் வாசகர்கள் ஊகித்துக்கொண்டிருந்திருப்பார்கள். போர்க்களத்தில் பார்த்திபனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவே நரசிம்மவர்மர் அந்த வேடத்தைப் பூணுகிறார். விக்கிரமன் யாரைப் பகைவன் என்று வெறுக்கிறானோ அவரையே வேறு கோலத்தில் வணங்குகிறான். வேடத்திற்கு ஒரு காரணமும், வேடத்தால் ஒரு முரணும் இருப்பதால் இன்றும் அக்கதை நிற்கிறது. கன்னத்தில் ஒரு மரு ஒட்டிக்கொண்டதும் பெற்ற தாய்க்கே மகனை அடையாளம் தெரியாமல் போகும் திரைப்பட வேடங்களை இதனோடு ஒப்பிட வேண்டாம்.

கதை சொல்பவரே மறைத்தால்? அகாதா கிறிஸ்டி 1926இல் வெளியிட்ட ரோஜர் அக்ராய்ட் கொலை பற்றிய நாவல் இதற்குப் பெயர் பெற்றது. அதனை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்வது நல்லது. கதையைச் சொல்லும் மருத்துவரே கொலையாளி. வெளிவந்தபோது, இது வாசகரை ஏமாற்றும் வேலை என்று குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் முடிவு தெரிந்தபின் திரும்பப் படித்தால், அவர் சொன்னவற்றுள் எதையும் பொய்யென்று பிடிக்க முடியாது. 8.40க்குக் கடிதம் வந்தது, 8.50க்குத் தாம் புறப்பட்டதாகச் சொல்கிறார். இடையில் 10 நிமிடம். அதைப்பற்றி அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆசிரியர் சாவியை நம் கையிலேயே கொடுத்திருந்தார். மறைப்பதற்கும் மோசடிக்கும் உள்ள எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது. பாத்திரம் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். ஆசிரியர் தம் குரலில் பொய் சொல்லக் கூடாது. பாத்திரத்தின் மனத்திற்குள் புகுந்து அதன் நினைவுகளையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, அது எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுவதும் என் கருத்தில் மோசடியே. இம்மலருக்கு வந்த கதைகளில் இரண்டு மூன்று இக்குறையால்தான் கீழே போயின.

ஒரு மறைப்பு வாழ்க்கையை எப்படித் திருப்பிவிடுகிறது என்பதற்கு ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசத்தை விட்டால் வேறு சான்று தேட வேண்டியதில்லை. 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் விவாதத்தை எழுப்பிய கதை. மழை நாளில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்டுத் திரும்பிய மகளின் தலையில் நீரை ஊற்றி, நீ தூயவள் என்று தேற்றி, இதை யாரிடமும் சொல்லாதே என்று தாய் கூறுகிறாள். அந்தத் தாய் ஊர் உலகத்திற்கு ஒரு பொய்யைத் தயார் செய்கிறாள். பின்னர் அதே ஆசிரியர், அந்தத் தாய் அப்படி மறைக்காமல் வாய்விட்டுக் கதறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணினார். சில நேரங்களில் சில மனிதர்கள் என்ற நாவல் 1970இல் நூலாக வந்தது. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதில் செய்தி ஊரெல்லாம் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். கங்காவின் வாழ்க்கை முழுவதும் வேறு பாதையில் போகிறது. நிகழ்ச்சி ஒன்றே. ஒரு தாய் மறைத்தாள். ஒரு தாய் மறைக்கவில்லை. ஒன்று சில பக்கச் சிறுகதையாக முடிந்தது. மற்றொன்று ஒரு நாவலாக விரிந்தது. பொய்யைப் பற்றிய அறமுடிவுகளை எல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன்.

யாரும் யாரையும் ஏமாற்றாத மறைப்பு ஒன்றும் இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும், ஆனால் வாய் திறப்பாரில்லை. தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் (1966) நாவலில் வரும் அந்த வீடு இப்படிப்பட்டது. வேதபாடசாலையிலிருந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும் அப்புவுக்குத்தான் அது புதிது. இதை எழுதுவது மற்றவற்றினும் கடினம். இதில் வெளிப்படுத்த எதுவுமே இல்லை. மௌனத்தை மட்டுமே எழுத வேண்டும். இரண்டு பக்கச் சிறுகதையில் இதனை முயல்வது மாணவர்களுக்கு நல்ல பயிற்சியாகும்.

ஒரு சிறு பயிற்சியை நாமே செய்து பார்க்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவன் இரண்டு தாள்களில் தோற்றுவிட்டான். ஊரில் தந்தை ஆடு விற்றுத்தான் தேர்வுக் கட்டணம் அனுப்பியிருந்தார். இதனை, அவன் தந்தையிடம் பொய் சொன்னான், அவன் உள்ளம் உறுத்தியது என்று எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடும். தொலைபேசியில் அவர்கள் பேசுவதை மட்டும் எழுதுவோம்.

“ரிசல்ட்டு வந்துச்சா தம்பி?”

“இன்னும் வரலேப்பா. அடுத்த வாரம் ஆகும்ங்கிறாங்க.”

“சரி, வர்றப்ப வரட்டும். சாப்பாடெல்லாம் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குப்பா.”

“மேலத் தெரு பையன் உங்க காலேஜுதானே?”

“ஆமாப்பா.”

“அவன் நேத்தே வந்துட்டான் ஊருக்கு. நீயும் ஒரு நாள் வந்துட்டுப் போ. அம்மா கேட்டுக்கிட்டே இருக்கா.”

மகன் பொய் சொல்கிறான் என்பது நமக்கு முன்பே தெரியும். மேலத் தெருப் பையன் நேற்றே வந்துவிட்டான் என்ற சொல் காதில் விழுந்ததும், தந்தைக்கும் எல்லாம் தெரியும் என்பது நமக்குப் புலப்படுகிறது. மகனுக்குப் புலப்பட்டதா? அதை எழுதுபவர் முடிவு செய்ய வேண்டும். புலப்பட்டது என்று வைத்துக்கொண்டால், இனி இருவரும் தெரியாததுபோல் நடிக்கும் கதை தொடங்குகிறது. புலப்படவில்லை என்றால், அடுத்த வாரம் அவன் இன்னொரு பொய்யைத் தேட வேண்டும். தந்தை அதற்கும் சரி என்று சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். இரண்டில் எது நல்ல கதை என்று வகுப்பில் கேட்டபோது நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது. ஏனெனில் தந்தை எதற்காக மறைக்கிறார் என்ற கேள்வி அதில்தான் வளர்கிறது. மகனின் மானத்தைக் காக்கவா? ஆட்டை விற்றது வீணாயிற்று என்று தம் மனைவி அறியக் கூடாது என்பதற்காகவா? அந்த அம்மாவை இதுவரை நாம் பேசவே விடவில்லை என்பதையும் பாருங்கள். தொலைபேசிக்கு அருகில் நின்றுகொண்டு அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

இறுதியாக ஒன்று. சொன்ன பொய் எல்லாம் கதை முடியுமுன் வெளிப்பட்டே தீர வேண்டும் என்று நம்முள் பலர் எண்ணுகிறார்கள். துப்பறியும் கதைக்கு அது சரி. மற்றக் கதைகளுக்கு அப்படி ஒரு சட்டமில்லை. அக்கினிப் பிரவேசத்தின் தாய் சொன்னது அந்தக் கதைக்குள் வெளிப்படவில்லை. கலித்தொகைத் தலைவியின் அன்னைக்கு அன்று வந்த விக்கல் எப்படிப்பட்டது என்பது கடைசிவரை தெரியாது. அவள் இன்னும் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.